தாயின் வயது என்ன?

மூங்கில் கன்று வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்க மறக்கும் கேள்வி இது. விடை தெரியாமல் நட்டால், பல ஆண்டு உழைப்பு ஒரே பருவத்தில் காய்ந்துபோகலாம்.

பூப்பதற்குப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும் தாவரம் ஒன்று, புனேயின் பாஷாண் பகுதியில் உள்ள ஆய்வுக்கூடத்தில் சில மாதங்களிலேயே பூத்தது. காட்டில் அல்ல, தோட்டத்திலும் அல்ல. ஒரு கண்ணாடிக் குடுவைக்குள். அதற்குக் கொடுக்கப்பட்ட உணவில் சர்க்கரையும் உப்புகளும் வளர்ச்சி ஊக்கி ஒன்றும் இருந்தன. கூடவே, நம் வீட்டுச் சமையலறையில் தேங்காய் உடைக்கும்போது சிந்திப்போகிற தேங்காய்த் தண்ணீரும் கொஞ்சம்.

தாவரம், மூங்கில். இடம், தேசிய இரசாயன ஆய்வுக்கூடம். ரஜனி நட்கௌடா, வி.ஏ. பாரஷராமி, ஏ.எப். மாஸ்கரேனஸ் ஆகிய மூன்று ஆராய்ச்சியாளர்களும் 1990 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டபோது, தாவரவியல் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. நம் ஊர்க் காடுகளில் வளரும் முள் மூங்கிலும், பர்மா பக்கத்து ராட்சத மூங்கில் இனமான 'டெண்ட்ரோகலமஸ் பிராண்டிசி'யும் குடுவையில் பூத்தன. முள் மூங்கில் முளைக்கும் விதையையும் தந்தது.

ஒரு புல் பூத்ததற்கு இத்தனை ஆரவாரமா? மூங்கில் புல்தான், நெல்லுக்கும் கரும்புக்கும் உறவு. ஆனால் நெல் நான்கு மாதத்தில் செய்து முடிக்கும் வேலைக்கு மூங்கில் ஒரு மனித ஆயுளின் பாதியை எடுத்துக்கொள்கிறது. முள் மூங்கில் சுமார் 40 ஆண்டுகளை ஒட்டிப் பூக்கிறது. கல் மூங்கில் இடத்துக்கு இடம் மாறுபட்டு, 20 ஆண்டிலும் பூக்கும், 60 ஆண்டும் காத்திருக்கும். ஜப்பானின் மடாகே மூங்கிலுக்குச் சுமார் 120 ஆண்டுகள். பூத்து, விதை உதிர்த்த பிறகு பெரும்பாலான இனங்கள் கிழங்கோடு செத்துப்போகின்றன.

நீலகிரியிலும் மூணாறிலும் 12 ஆண்டுக்கு ஒருமுறை நீலம் பூசும் குறிஞ்சியை நமக்குத் தெரியும். அதுவும் பூத்து மடிகிற செடிதான். 2018ல் பூத்ததைப் பார்த்தவர்கள், 2030ல் மறுபடியும் போகலாம் என்று நாள் குறித்து வைத்துக்கொள்ளலாம். மூங்கிலுக்கு அப்படி நாள் குறிக்க, முந்தைய முறை பூத்ததைப் பார்த்த ஒருவர் வேண்டும். அவர் உயிரோடு இருக்க வேண்டும், அல்லது எழுதி வைத்திருக்க வேண்டும்.

மிசோரமில் அப்படி நினைவு வைத்திருந்தார்கள். அங்கே மலைகளை மூடியிருக்கும் மௌடாக் மூங்கில் சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். காய் கொட்டியதும் எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் அவை வயலுக்கு இறங்கும். 'மௌடாம்' என்று அதற்குப் பெயரே உண்டு. 1959ல் அது வரப்போகிறது என்று மிசோ மக்கள் முன்கூட்டியே எச்சரித்தனர். அரசு நிர்வாகம் அதை மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று ஒதுக்கியது. பஞ்சம் வந்தது. நிவாரணத்துக்காகத் தோன்றிய மிசோ தேசியப் பஞ்ச முன்னணி, 1961ல் லால்டெங்கா தலைமையில் மிசோ தேசிய முன்னணி ஆயிற்று. 1966ல் ஆயுதக் கிளர்ச்சி தொடங்கியது. 1986ல்தான் சமாதான ஒப்பந்தம். ஒரு புல்லின் நாட்காட்டியைப் படிக்க மறுத்ததற்கு நாடு கொடுத்த விலைகளில் அது ஒன்று. அடுத்த மௌடாம் 2006-2008ல் வந்தபோது, எலி வாலுக்குப் பரிசு அறிவிக்கும் அளவுக்கு நிர்வாகம் முன்னதாகவே விழித்துக்கொண்டிருந்தது.

விவசாயிக்கு இந்த நாட்காட்டி ஏன் முக்கியம்? மூங்கிலை இரண்டு வழியில் பெருக்கலாம். விதை போட்டால் அது புதிய பிறவி. அதன் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும். கிழங்கோடு பெயர்த்தோ, கணுவை வெட்டி நட்டோ, திசு வளர்ப்பிலோ உண்டாக்கினால் அது புதிய பிறவி அல்ல. தாயின் உடம்பிலிருந்து வந்த துண்டு. தாய் 35 ஆண்டு கழித்திருந்தால், நேற்று நட்ட கன்றுக்கும் வயது 35 தான். தாய் பூக்கும்போது, எங்கோ தொலைவில் நடப்பட்ட பிள்ளையும் ஏறக்குறைய அதே காலத்தில் பூத்துச் சாகும். பார்வைக்கு மட்டும் அது பச்சைப் பசேலென்ற இளங்கன்று.

ஒரே தாய், ஒரே சாவு

இந்தப் பாடத்தை மிகத் தெளிவாகக் கற்றது, மூங்கிலுக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும் இடம்: பனி கொட்டும் வட ஐரோப்பா.

இங்கிலாந்தைச் சேர்ந்த தாவர வேட்டைக்காரர் இ.எச். வில்சன், 1907ல் சீனாவின் ஹூபே மாகாண மலைகளிலிருந்து ஒரு மூங்கிலைக் கொண்டுவந்தார். பின்னர் அவர் மகள் மூரியலின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது: 'ஃபார்ஜீசியா மூரியலே'. மெல்லிய கழி, குடைபோல் கவியும் இலை, மைனஸ் 20 டிகிரிக் குளிரையும் தாங்கும் உடம்பு. தோட்டக்காரர்கள் அதைப் பிரித்துப் பிரித்து நட்டார்கள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, ஒரு நாட்டிலிருந்து அடுத்த நாட்டுக்குப் போயிற்று. ஐரோப்பாவில் அதிகம் நடப்பட்ட மூங்கில்களில் ஒன்றாகவும் ஆயிற்று. அத்தனையும் ஒரே செடியின் துண்டுகள்.

1970களின் நடுவில் டென்மார்க்கில் சில புதர்கள் பூத்தன. தொடர்ந்து மற்ற இடங்களிலும். 1990களில் அலை ஐரோப்பா முழுவதும் பரவியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பிள்ளைபோல் வளர்த்த வேலிகள் ஒரே சமயத்தில் வைக்கோல் நிறமாகின. உரம் போட்டவர்கள் உண்டு, ஓயாமல் தண்ணீர் ஊற்றியவர்கள் உண்டு, பூவை வெட்டி எறிந்தால் பிழைக்கும் என்று நம்பியவர்களும் உண்டு. கடைசியில் பலன் தந்தது ஒன்றுதான்: விதையைச் சேகரித்து உடனே விதைத்தது. இன்று அங்கே விற்கப்படும் கன்றுகள் அந்த விதைகளில் பிறந்த புதிய தலைமுறை. விற்பவர்கள் அதை அடக்கமாகவும் சொல்வதில்லை. "புதிய தலைமுறை" என்பதே விளம்பரம்.

குளிர் நாட்டுக்காரர்கள் கற்ற மற்ற பாடங்களும் சுவையானவை. உறைபனியில் மூங்கில் சாவது பெரும்பாலும் குளிரால் அல்ல, தாகத்தால். மண் உறைந்துவிட்டால் வேர் தண்ணீரை இழுக்க முடியாது. ஆனால் பச்சை இலைகள் காற்றில் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும். எனவே பனிக்கு முன் நன்றாகத் தண்ணீர் விட்டு, தூரைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குச் சருகு பரப்புவார்கள். காற்று அடிக்கும் பக்கம் தடுப்பு வைப்பார்கள். மேலே அத்தனையும் கருகினாலும் தோண்டி எறிய மாட்டார்கள். கிழங்கு உயிரோடு இருந்தால் வசந்தத்தில் முளை வரும்.

புனேயில் உறைபனி கிடையாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்கும், அவ்வளவுதான். ஆனால் ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது இளங்கன்றுக்கு நேர்வது அதே தாகச் சாவு. பனிக்குச் சொன்ன சருகுப் போர்வை வெயிலுக்கும் பொருந்தும். அதுவும் மூங்கிலின் சொந்தச் சருகாக இருந்தால் இன்னும் நல்லது. மூங்கில் மண்ணிலிருந்து ஏராளமாக எடுக்கும் சிலிக்கா அந்தச் சருகில்தான் மண்ணுக்குத் திரும்புகிறது. சுத்தம் என்ற பெயரில் அதைப் பெருக்கி எரிப்பவர்கள் உரத்தை எரிக்கிறார்கள்.

குளிருக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று

போர்வையை இரவல் வாங்கலாம். இனத்தை வாங்கக் கூடாது. படத்தில் பார்த்த அழகுக்காகக் குளிர்தேச மூங்கிலைத் தக்காணத்தில் நட்டு ஏமாறுபவர்கள் உண்டு. மூரியல் மூங்கிலுக்கு நம் மே மாத வெயிலில் இலைகள் சுருண்டுவிடும்.

வித்தியாசம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. வெப்ப மண்டல மூங்கில்களின் கிழங்கு குட்டையானது. முளை தாயை ஒட்டியே வரும். அதனால் புதராக நிற்கும். சீனா, ஜப்பான் போன்ற குளிர் நாடுகளின் 'ஃபில்லோஸ்டாக்கிஸ்' இனங்களில் கிழங்கு நீளமாக ஓடும். தாயிலிருந்து பல அடி தள்ளி முளை கிளம்பும். அடுத்த வீட்டுக்காரர் நிலத்தில் கிளம்பினால் வழக்குதான். அதனால்தான் அங்கெல்லாம் இரண்டரை அடி ஆழத்துக்குத் தகடு புதைத்து வேலி கட்டுகிறார்கள். மூரியல் மூங்கில் இதற்கு விதிவிலக்கு. குளிர் இனமாக இருந்தும் புதராக நிற்பதுதான் அது ஐரோப்பாவில் விரும்பப்படக் காரணம்.

இந்தியாவிலும் குளிர் மூங்கில் வளர்ப்பில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அருணாசலப் பிரதேசத்தின் சீரோ பள்ளத்தாக்கில், 1,500 மீட்டருக்கு மேல், அபதானி மக்கள் 'பிஜே' என்ற ஓடும் மூங்கிலைத் தோப்பாகவே வளர்க்கிறார்கள். ஊரை ஒட்டி வேலியடைத்த குடும்பத் தோப்புகள். இடையிடையே நீலப் பைன் மரங்கள். தங்கள் முன்னோர் இடம் பெயர்ந்து வந்தபோது கூடவே கொண்டுவந்தது இந்த மூங்கில் என்பது அவர்கள் நம்பிக்கை. வீடு, வேலி, பாலம், கூடை எல்லாம் அதில்தான். உத்தராகண்ட், இமாசலப் பிரதேச மலைகளில் 'ரிங்கால்' என்ற விரல் பருமன் மூங்கில் கூடைக்கும் பாய்க்கும் பயன்படுகிறது. நீலகிரிச் சோலைகளிலும் மெலிந்த குளிர்மலை மூங்கில்கள் உண்டு.

புனேவைச் சுற்றிலும் உள்ள கதை வேறு. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில், சஹ்யாத்ரியின் மழை மறைவில் இருக்கிறது. மேற்கே முள்ஷி பக்கம் போனால் மழை பல மடங்கு. கிழக்கே போகப் போக வறட்சி. வறண்ட சரிவில் தாக்குப்பிடிப்பது மராட்டியர்கள் 'மாணவேல்' என்று அழைக்கும் நம் கல் மூங்கில். ஆற்றோரத்திலும் ஆழமான மண்ணிலும் 'களக்' என்ற முள் மூங்கில் தழைக்கும். மலையைத் தாண்டிக் கொங்கணத்துக்கு இறங்கினால் 'மேஸ்' மூங்கில்: முள் இல்லை, நேரான கழி, உள்ளே ஏறக்குறையக் கெட்டி. சிந்துதுர்க் விவசாயிகள் அதைத் தலைமுறைகளாக வரப்பிலும் வேலியிலும் வளர்த்து வருகின்றனர். ஆனால் மேஸ் மூங்கிலில் விதை கிடைப்பது அரிது. ஆகவே கிழங்கிலிருந்தும் கணுவிலிருந்தும்தான் பெருக்குகிறார்கள். தாயின் வயதுக் கேள்வி அங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

முள் சொன்ன பாடம்

குடுவையில் பூ பூக்கவைத்தது புனேயின் ஒரு கதை. புனேயில் பிறந்த இன்னொருவர் மூங்கிலைப் பற்றிக் கற்றது வேறு மாதிரி.

சூழலியலாளர் மாதவ் காட்கில் 1942ல் புனேயில் பிறந்தவர். பொருளாதார அறிஞர் டி.ஆர். காட்கிலின் மகன். ஹார்வர்டில் படித்துத் திரும்பி பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். 1970களின் நடுவில் கர்நாடக அரசு அவரிடம் ஒரு புதிரைக் கொடுத்தது. காட்டில் மூங்கில் வேகமாகக் குறைகிறது. உத்தர கன்னட மாவட்டத்தில் தாண்டேலி காகித ஆலைக்கு மூங்கில் டன்னுக்கு ஒன்றரை ரூபாய் என்ற விலையில் போய்க்கொண்டிருந்தது. சந்தையில் கூடை முடைபவர்கள் அதே மூங்கிலுக்குப் பல மடங்கு கொடுத்தார்கள். ஆனாலும் குற்றவாளிக் கூண்டில் நின்றது கூடை முடைபவர்களும், காட்டில் மாடு மேய்ப்பவர்களும்தான்.

காட்கிலும் அவருடைய சகா எஸ்.என். பிரசாத்தும் புதர் புதராகப் போய் எண்ணினார்கள். முள் மூங்கிலின் அடியில் முட்கிளைகள் பின்னிக்கொண்டு ஒரு கோட்டைபோல் நிற்கும். உள்ளே நுழைந்து வெட்டச் சிரமம் என்பதாலும், நெரிசல் குறைந்தால் புதர் நன்றாக வளரும் என்று கருதியதாலும், ஆலைக்காக வெட்டியவர்கள் அந்த முட்களை வெட்டி ஒதுக்கினார்கள். அதற்குப் 'புதர்ச் சுத்தம்' என்று பெயர். கிராமத்தார் சொன்னது நேர்மாறு: முள்தான் முளையின் காவல், அதை எடுத்தால் மூங்கில் அழியும்.

கணக்கு எடுத்துப் பார்த்தபோது கிராமத்தார் சொன்னதே சரியாக இருந்தது. முள் நீக்கிய புதர்களில் மழைக்காலத்தில் கிளம்பிய மெல்லிய முளைகளை மாடும், முள்ளம்பன்றியும், குரங்கும் தின்று தீர்த்தன. மனிதர்களும் சமையலுக்குப் பறித்தார்கள். முள் விட்ட புதர்களில் முளை கழியாயிற்று. படித்தவர்களின் விதிக்கு ஆதாரம் இல்லை. படிக்காதவர்களின் அனுபவத்துக்கு இருந்தது. தன் வாழ்நாள் முழுதும் உள்ளூர் மக்களின் அறிவுக்காக வாதாடிய காட்கிலுக்கு அது ஆரம்பப் பாடங்களில் ஒன்று.

கைக்குத் தெரிந்தது

அந்த மாதிரி அனுபவம் நகரத்துக்குள்ளும் இருக்கிறது. பழைய புனேயின் பேட்டைப் பகுதியில் 'புருட் ஆளி' என்று ஒரு தெரு. மூங்கில் முடையும் சமூகத்தின் பெயர் புருட். ஆளி என்றால் தெரு. முறம், கூடை, தட்டி, ஏணி இவை எல்லாக் காலத்துக்கும். குடி பாட்வா நெருங்கினால், பட்டுத்துணியும் கவிழ்த்த செம்பும் கட்டி வாசலில் உயர்த்த நீளக் கழி. கணபதி பூஜை வந்தால் பந்தலுக்கு மூங்கில். நம் ஊர்க் கல்யாணத்தில் பந்தக்கால் நடுவதுபோல்தான்.

முடைபவர்கள் கழியைப் பார்த்ததும் வயதைச் சொல்லிவிடுவார்கள். அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. கணுவில் இன்னும் பாளை ஒட்டிக்கொண்டு, மேலே வெள்ளை மாவு படிந்திருந்தால் அந்த ஆண்டுக் கழி. பாளை உதிர்ந்து பச்சை பளபளத்தால் இரண்டாம் ஆண்டு. பச்சை மங்கி, ஆங்காங்கே சாம்பல் நிறப் பாசித்திட்டுகள் தெரிந்தால் மூன்று ஆண்டு கடந்தது. கூடை முடைய இளங்கழி வேண்டும், நாராகக் கிழியும். தூணுக்கும் ஏணிக்கும் முற்றல்.

மூங்கிலில் ஒரு விசித்திரம் உண்டு. முளை இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரத்தை எட்டிவிடும். பிறகு ஓர் அங்குலம்கூட வளராது, பருக்கவும் பருக்காது. முற்றுவது மட்டும்தான். அடுத்த ஆண்டின் முளைக்கு உணவு கொடுப்பது இந்த ஆண்டின், சென்ற ஆண்டின் இளங்கழிகள். ஆகவே, வெட்டும் விதி எளியது: இளையதை விடு, மூத்ததை எடு. மூத்தவை புதரின் நடுவில் இருக்கும். இளையவை சுற்றிலும் காவல் நிற்கும். ஓரத்தில் கைக்கு எட்டுவதை வெட்டினால் புதர் செத்துக்கொண்டே வரும். ஒரு பக்கம் மட்டும் வழி திறந்து, குதிரை லாட வடிவில் உள்ளே போய் நடுவில் உள்ளதை எடுப்பதே சரியான முறை. தரையிலிருந்து ஒன்றிரண்டு கணு விட்டு, கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். குழல்போல் விட்டு வெட்டினால் அதில் மழைநீர் தேங்கி அழுகல் கிழங்குக்கு இறங்கும். மழைக்காலத்தில் கத்தியே வைக்கக் கூடாது. அது முளை விடும் நேரம். மழை முடிந்து, குளிர் மாதங்களில் வெட்டுவது வழக்கம்.

வெட்டிய கழிக்கு எதிரி துளைக்கும் வண்டு. கழியில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வந்து அரித்துப் பொடியாக்கிவிடும். ஆற்றிலோ குளத்திலோ சில வாரம் ஊறப்போடுவது பழைய மருந்து; மாவுச்சத்து கரைந்து போய்விடும். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைப்பது இன்றைய மருந்து.

பெருக்குவதற்கும் கைப்பக்குவம் உண்டு. கிழங்கோடு பெயர்ப்பதென்றால் ஒன்று, இரண்டு வயதுக் கழியைத் தேர்ந்து, ஓர் ஆள் இடுப்பு உயரத்தில் நறுக்கி, மழைக்கு முன் கிழங்கு காயாமல் எடுத்து நட வேண்டும். கணுத்துண்டு என்றால் இரண்டு கணு உள்ள துண்டைப் படுக்கையாக வைத்து, நடுவில் துளையிட்டுத் தண்ணீர் நிரப்பி அடைத்து, மண் மூட வேண்டும். முள் மூங்கில் இதற்கு ஓரளவு இசையும். கல் மூங்கில் பிடிவாதம் பிடிக்கும். விதை என்றால் தாமதம் கூடாது. சாதாரணமாக வைத்திருந்தால் சில மாதங்களில் முளைப்புத் திறன் போய்விடும். அடுத்த விதைக்கு அடுத்த தலைமுறை வரை காத்திருக்க வேண்டும்.

சட்டம் விலகியது, கேள்வி நிற்கிறது

இத்தனை நாள் இந்த அறிவு அவ்வளவாகத் தேவைப்படாததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1927ம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரம் என்று சொன்னது. சொந்த நிலத்தில் வளர்த்ததை வெட்டி எடுத்துப் போகவும் பல மாநிலங்களில் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. இந்தத் தொல்லைக்காக யார் மூங்கில் நடுவார்கள்?

முதல் உடைப்பும் மகாராஷ்டிரத்திலிருந்தே வந்தது. 2006ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருள் என்றது. அதன்படி கட்சிரோலி மாவட்டத்தின் மேண்டா லேகா கிராமத்தார் தங்கள் காட்டு மூங்கிலைத் தாங்களே விற்கும் உரிமைக்குப் போராடினார்கள். 2011 ஏப்ரல் 27 அன்று, அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடமே ஒப்படைத்தார். 2017 நவம்பரில் வந்த அவசரச் சட்டமும், அதைத் தொடர்ந்த திருத்தமும் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரப் பட்டியலிலிருந்தே நீக்கின. 90 ஆண்டு கழித்துப் புல் மறுபடியும் புல்லாயிற்று. 2018ல் தேசிய மூங்கில் இயக்கம் புதுப்பிக்கப்பட்டது. 2019ல் மகாராஷ்டிர அரசு, அடல் பெயரிலான திட்டத்தில் திசு வளர்ப்பு மூங்கில் கன்றுகளை மானிய விலையில் தர முன்வந்தது.

திசு வளர்ப்பு. அதாவது புனேயின் குடுவை வழி. அதில் தவறு இல்லை. ஒரே சீரான, நோயற்ற கன்றுகளை வேண்டிய அளவு தர அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் குடுவைக்குள் போனது விதையா, வயதான புதரின் துண்டா என்பதைப் பொறுத்து விவசாயியின் தலையெழுத்து மாறுகிறது. விதையிலிருந்து வந்தால் அவர் வாழ்நாளுக்கும் கவலையில்லை. பூக்கும் காலத்தை நெருங்கிய புதரிலிருந்து வந்திருந்தால், முதல் நல்ல அறுவடை கிடைக்கும் நேரத்தில் தோட்டம் முழுதும் ஒன்றாகப் பூத்துவிடலாம். தாய்லாந்தில் முளைக்காக வளர்த்த மூங்கில் தோட்டங்களுக்கு 1990களில் அப்படி ஓர் அடி விழுந்தது.

ஒரே இனம், ஒரே தாய் என்று ஏக்கர் கணக்கில் நடுவதுதான் ஆபத்து. இரண்டு மூன்று இனங்களை, வெவ்வேறு ஊர்த் தாய்களிலிருந்து வந்த கன்றுகளைக் கலந்து நட்டால் எல்லாம் ஒரே ஆண்டில் போகாது. மீறிப் பூக்கத் தொடங்கினால் வருந்திக்கொண்டிருக்க நேரமில்லை. கழி காய்ந்து நொறுங்குவதற்குள் முற்றியதை வெட்டி விற்க வேண்டும். விதையைக் கூட்டி உடனே விதைக்க வேண்டும். எலிக்கும் தீக்கும் காவல் வைக்க வேண்டும். மிஞ்சிய விதை மூங்கிலரிசி, சோறாகும்.

1990ல் அந்தக் குடுவை பூத்தபோது, இனி மூங்கிலின் ரகசியம் திறந்துவிடும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஓரளவு திறந்தது, தலைமுறைக் கணக்கில் காத்திராமல் விதை எடுத்து நல்ல ரகங்களை உருவாக்க அது வழி காட்டியது. ஆனால் வெளியே வெயிலில் நிற்கும் மூங்கில் தன் ஆண்டுக் கணக்கை உடம்பின் எந்த மூலையில் எழுதி வைத்திருக்கிறது என்பதற்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. அதுவரை அந்தக் கணக்கை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

செலவில்லாத வேலை. ஒரு தகரத் துண்டு, ஓர் ஆணி. அதில் மூன்று வரி: இனம் என்ன, நட்ட ஆண்டு எது, தாய் எந்த ஊரில் எப்போது விதையிலிருந்து பிறந்தது. நாற்றங்கால்காரருக்கு மூன்றாவது வரி தெரியவில்லை என்றால், தெரிந்தவரைத் தேடிப் போகலாம். கன்று நடுகிறவர் அந்தப் பூவைப் பார்க்காமலே போகலாம். பார்க்கப்போகிறவர் அவர் மகளாகவோ பேரனாகவோ இருப்பார்; அந்தத் தகரத்தைப் படித்துவிட்டு, பூ வருவதற்கு ஐந்தாண்டு முன்பே புதுக் கன்று நட்டு வைத்திருப்பார்.